சங்குக்குள் இருப்பது நண்டா?

ஈரமணலில் ஒரு சின்னச் சங்கு தானாக நகர்ந்து போனால் குனிந்து பார்க்காதவர்கள் குறைவு. கையில் எடுத்ததும் அசைவு நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் சங்கின் வாயோரத்தில் இரண்டு கண் காம்புகள் எட்டிப் பார்க்கும், பிறகு ஒரு கொடுக்கு, பிறகு கால்கள். ‘துறவி நண்டு’ என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். ஒரு நண்டு சங்குக்குள் குடிபுகுந்திருக்கிறது என்று நாமும் முடிவுகட்டிக்கொண்டு நடையைத் தொடர்வோம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். அந்த முடிவில் எங்கே பிசகு என்று நிதானமாகப் பார்ப்போம்.

சங்கு அதனுடையது அல்ல என்பது பலருக்கும் தெரிந்ததுதான். நத்தை தன் ஓட்டைத் தானே சுரந்து தன்னோடு சேர்த்தே வளர்க்கிறது. துறவி நண்டுக்கு அந்த வித்தை கிடையாது. நத்தை செத்துக் காலியான ஓட்டைத் தேடிப் பிடித்துத்தான் அது உள்ளே போகிறது. நத்தையைக் கொன்றுவிட்டு ஓட்டைப் பறிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஓட்டுக்காக அது சண்டை போடுவது தன் இனத்தாரோடுதான். வட ஐரோப்பியக் கடலோரங்களில் உள்ள ஒரு வகை, எதிராளியின் சங்கின் மேல் தன் சங்கைத் திரும்பத் திரும்ப மோதித் தட்டும். தாங்க முடியாமல் உள்ளே இருப்பது வெளியே வந்தால் வீடு கைமாறும்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய பிசகு ‘நண்டு’ என்று நாம் முடிவுகட்டியதில் இருக்கிறது. வயலிலும் சேற்றிலும் கடலிலும் பிடித்து நம் சமையலறைக்கு வருகிற நண்டுகளில் ஒன்று என்றைக்கோ சங்குக்குள் புகுந்து, அதனால் உடல் மெலிந்து, இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. துறவி நண்டு வேறு ஒரு வம்சம். அதைவிட வேடிக்கை, அந்த வம்சத்தில் சில பேர் சங்கைத் தூக்கி எறிந்துவிட்டு நண்டு மாதிரியே ஆகியிருக்கிறார்கள். நண்டு துறவியாகவில்லை. துறவிதான் சில சமயம் நண்டாகியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் சங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முன்பாதி நமக்குப் பழக்கமானதுதான்: கெட்டியான தலை, கொடுக்கு, கால். பின்பாதி அப்படியில்லை. ஓடே இல்லாத, தொட்டால் குழைகிற, நீண்ட வயிறு. அதுவும் நேராக இல்லாமல் வலப்பக்கமாகச் சுருண்டிருக்கும். கடல் நத்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஓடு ஒரே பக்கமாகத்தான் சுழலும். எதிர்ப்பக்கம் சுழன்ற சங்கு அபூர்வமாகக் கிடைப்பதால்தானே வலம்புரிக்கு அந்த விலை! எல்லா வீட்டிலும் மாடிப்படி ஒரே பக்கம் திரும்புவதால் உடம்பும் அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. வயிற்றின் நுனியில் அரம் போலச் சொரசொரப்பான இரண்டு சிறு உறுப்புகள் இருக்கின்றன. இடப்பக்கத்தது பெரிது, வலப்பக்கத்தது சிறிது. சங்கின் உட்சுவரில் அவற்றை ஊன்றிப் பிடித்துக்கொள்வதால்தான், இழுத்தால் அது வெளியே வருவதில்லை. விடாமல் இழுத்தால் உடம்பு பிய்ந்துபோகலாம், ஆகவே இழுக்காதீர்கள். பெண் நண்டு முட்டைகளைச் சுமக்கும் சிறு துடுப்புகளும் பெரும்பாலான இனங்களில் இடப்பக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. உடலின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத இந்தக் கோணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதுதான் சாட்சி சொல்லப்போகிறது.

அடுத்து கால்களை எண்ணுவோம். நண்டு, இறால், துறவி நண்டு எல்லாமே பத்துக் கால் உயிரிகள். கொடுக்கையும் காலாகக் கணக்கில் சேர்த்தே இந்தப் பத்து. நீலக்கால் நண்டைத் தட்டில் வைத்து எண்ணினால் இரண்டு கொடுக்கு, எட்டுக் கால் என்று கணக்கு சரியாக வரும். துறவி நண்டில் வெளியே தெரிவது இரண்டு கொடுக்கும் நான்கு நடைக்கால்களும்தான். மீதி நான்கும் குட்டையாகச் சிறுத்து உள்ளே இருக்கின்றன. அவற்றில் முன் ஜோடி சங்கின் சுவரில் உதைத்து உடலை நிறுத்த உதவுகிறது. கடைசி ஜோடிக்கு முக்கிய வேலை, மூச்சுவிடும் செவுள்களைத் துடைத்துச் சுத்தம் செய்வது. இந்தக் கடைசி ஜோடி சிறுத்துப் பதுங்கியிருப்பது துறவி நண்டுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு பெரிய உறவுக்கூட்டத்துக்கே அது அடையாளம். விலங்கியலாளர்கள் அந்தக் கூட்டத்தை அனோமுரா என்கிறார்கள். நாம் உண்ணும் நண்டுகள் எல்லாம் பிராக்யூரா என்ற இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது உண்மை. ஆனால் ஜுராசிக் காலப் பாறைகளிலேயே இரண்டும் தனித்தனிப் படிவங்களாகக் கிடைக்கின்றன. அவ்வளவு பழைய பாகப்பிரிவினை.

‘அப்படியென்றால் இரண்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?’ என்று கேட்பீர்கள். நம் ஊர்க் காட்டுப் பக்கம் போவோம். சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் வேலியோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் பச்சைத் தண்டு, முள், இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும். அது ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் சொந்தம். சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம். தண்ணீர் இல்லாத நிலத்தில் பிழைக்க இரண்டும் தனித்தனியே கண்டுபிடித்த ஒரே உருவம் அது. நண்டு என்பதும் அப்படி ஓர் உருவம்தான். அகலமான தட்டை முதுகு, வயிற்றை மடித்து அடியில் ஒளித்துக்கொண்ட குறுகிய உடல், பக்கவாட்டில் விரிந்த கால்கள். பத்துக் கால் உயிரிகளின் வரலாற்றில் இந்த உருவம் குறைந்தது ஐந்து முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்பது இன்றைய கணக்கு.

அனோமுராக் கூட்டத்தில் நண்டு உருவம் எடுத்தவர்களும் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. பாறைக்கடியில் வாழும் பீங்கான் நண்டு பார்வைக்கு அச்சு அசல் நண்டு. கால்களை எண்ணினால்தான் குட்டு வெளிப்படும். மெரினாவில் அலை திரும்பும்போது ஈரமணலுக்குள் பின்பக்கமாகச் சரசரவென்று புதைந்துபோகும் முட்டை வடிவச் சின்ன உயிரிகளைக் குழந்தைகள் தோண்டி எடுத்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். எமெரிட்டா என்ற அந்த மணல்வாசியும் இந்தக் கூட்டம்தான். துறவி நண்டுக்கு அது ஓடுகிற நண்டைவிட நெருங்கிய உறவு.

துறவி நண்டுகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க விலங்கியலாளர்கள் பல நுணுக்கங்களைப் பார்ப்பார்கள். நமக்கு ஒன்று போதும்: எந்தக் கை பெரிது? பகூரிடே என்ற குடும்பத்தில் பொதுவாக வலக் கொடுக்கு பெரிது. டயோஜெனிடே என்ற குடும்பத்தில் இடக் கொடுக்கு பெரிது, அல்லது இரண்டும் சமம். பீப்பாயில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க ஞானி டயோஜெனிஸின் பெயர்தான் அது. நம் கடற்கரைகளில் கண்ணில் படுபவை அதிகமும் இந்த இடக்கைக்காரர்கள். தரையில் வாழும் துறவி நண்டுகள் தனிக் குடும்பம். அவையும் இடக்கை வழியில் வந்தவையே. ஆழ்கடலுக்கென்று ஒரு குடும்பம். வயிறு சுருளாமல் நேராகவே இருக்கும் பைலோகெலிடே என்று இன்னொன்று. இந்த நேர்வயிற்றுக்காரர்கள் மூங்கில் துண்டு, மரத்துண்டின் பொந்து, கடற்பஞ்சு என்று நேரான துவாரமாகப் பார்த்துக் குடியேறுவார்கள்.

இந்த வகைப்பாட்டு வேலையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் சேகரித்த அனோமுரா உயிரிகளை ஆராய்ந்து 1888இல் அறிக்கை எழுதியவர் ஜே. ஆர். ஹென்டர்சன். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1893இல் வெளியான அவருடைய இந்திய ஓட்டுயிரிகள் பற்றிய நீண்ட கட்டுரையில் நம் கடற்கரைத் துறவி நண்டுகள் சில முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றன. 1905இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆல்காக், துறவி நண்டுகளுக்கென்றே ஒரு தனிப் பட்டியல் நூலை வெளியிட்டார். இன்றும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

வீடு என்றால் சங்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இங்கேதான் இவர்களுடைய கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும். மரத்துண்டின் இரண்டு பக்கமும் திறந்த குழாய்க்குள் வாழும் ஒரு வகைக்கு, பின்வாசலை அடைக்க வயிற்றின் நுனியிலேயே ஒரு கெட்டித் தட்டு முளைத்திருக்கிறது. முன்வாசலைக் கொடுக்கு அடைக்கிறது. பவளப் பாறையின் துளைக்குள் அசையாமல் உட்கார்ந்து, இறகு போன்ற உணர்கொம்புகளை விசிறித் தண்ணீரில் மிதந்துவரும் துணுக்குகளை வடித்துத் தின்னும் ஒரு வகை உண்டு. வனுவாட்டு நாட்டின் ஒரு தீவில் நன்னீரில் வாழும் ஓர் இனம் இருக்கிறது. முழுக்க நன்னீரிலேயே காலம் தள்ளும் துறவி நண்டு என்று தெரியவந்திருப்பது அது ஒன்றுதான்.

கடல் சாமந்தியோடு கூட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கடல் சாமந்தி என்பது பூப்போல விரிந்து, கொட்டும் கைகளால் இரை பிடிக்கும் ஒரு மெல்லுடல் பிராணி. சில துறவி நண்டுகள் அதைத் தட்டித் தடவிப் பாறையிலிருந்து பெயர்த்துத் தம் சங்கின் மேல் ஒட்ட வைத்துக்கொள்கின்றன. சாமந்தி கொட்டும் என்ற பயத்தில் எதிரி கிட்டே வராது, நண்டு சிந்தும் தீனி சாமந்திக்கு. ஆழ்கடலில் இந்த உறவு ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே ஒரு சாமந்தி, நண்டு வளர வளர, தானே ஒரு பொருளைச் சுரந்து சங்கு வடிவில் வீட்டை நீட்டித் தருகிறது. பொன்னிறமாகப் பளபளக்கும் அந்தக் கூட்டை அமெரிக்க நத்தையியலாளர் டால் 1903இல் பார்த்து, புதிய நத்தை ஒன்றின் ஓடு என்றே பெயர் சூட்டிவிட்டார். பிற்பாடுதான் அது சாமந்தியின் கைவேலை என்று தெரிந்தது. ஸ்டைலோபேட்டஸ் என்ற அந்தப் பெயர் மட்டும் சாமந்தியிடமே தங்கிவிட்டது. 2017இல் ஜப்பானின் அமாமித் தீவுப் பகுதியிலிருந்து, உயிருள்ள சிறு பவளத்துக்குள் வாழ்ந்து அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு துறவி நண்டை அறிவித்தார்கள். நண்டோடு பவளமும் வளர்வதால் வீடு மாற்றும் தொல்லையே இல்லை.

அந்தத் தொல்லை மற்றவர்களுக்கு உண்டு, சாதாரணத் தொல்லை அல்ல. சட்டை உரித்து உடம்பு வளரும், சங்கு வளராது. கொஞ்சம் பெரிய காலிச் சங்கு ஒன்று கரையில் ஒதுங்கினால் ஒரு நண்டு அதற்குள் மாறும். அது விட்ட சங்குக்கு அதைவிடச் சிறியது மாறும், அது விட்டதற்கு இன்னொன்று. இப்படி ஒரே காலியிடத்தால் வரிசையாகப் பலர் பயனடைவதை ஆராய்ந்தவர் உயிரியலாளர் அல்லர், ஐவன் சேஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். மனிதர்களின் வீடும் வேலையும் கைமாறுவதை விளக்க வந்த கோட்பாடு நண்டுக்கும் பொருந்தியது. ஓர் இனத்தின் உடல் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை அந்தக் கடற்கரையில் எவ்வளவு பெரிய சங்கு கிடைக்கும் என்பதே தீர்மானித்துவிடுகிறது.

இந்தக் குடித்தனம் எப்போது தொடங்கியது? இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடலோரத்தில் ஸ்பீட்டன் என்ற இடத்தில் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுப் பழைய களிமண் படிவு இருக்கிறது. அதில் கிடைத்த ஒரு துறவி நண்டு, குடியிருந்த வீட்டோடு கல்லாகியிருந்தது. அந்த வீடு நத்தை ஓடு அல்ல, அம்மோனைட்டின் ஓடு. அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட பழங்கடல் உயிரி. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் அதன் படிவங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் நமக்கு அந்நியமானதல்ல. அம்மோனைட்டின் சுருள் ஒரு தட்டையான வட்டம், நத்தையுடையதுபோல ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு மேலேறாது. ஆக, துறவி நண்டுகளின் பழைய வீடுகளில் எல்லாமே திருகியவை அல்ல. அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோயின. வீட்டுக்காரர்கள் போனார்கள், குடித்தனக்காரர்கள் மட்டும் தப்பி, நத்தை ஓடுகளில் நிலைத்தார்கள்.

இப்போது அந்தக் கோணலுக்கு வருவோம். அலாஸ்கா, ரஷ்யக் கடல்களில் பிடிபட்டு உலகச் சந்தைகளில் பெரும் விலைக்குப் போகும் ராஜ நண்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். காலை விரித்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டும், எடை பத்துக் கிலோவுக்கு மேலும் போகும், உடலெங்கும் முள் வைத்த கவசம். பார்த்தால் நண்டுகளுக்கெல்லாம் அரசன். எண்ணிப் பாருங்கள்: கொடுக்கு இரண்டு, கால் ஆறு. மீதி ஒரு ஜோடி செவுள் அறைக்குள் ஒளிந்திருக்கிறது. வலக் கொடுக்கு பெரிது. பெண் நண்டைப் புரட்டி, மடிந்திருக்கும் வயிற்றைப் பார்த்தால் அது ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். முட்டை சுமக்கும் துடுப்புகள் பெரும்பாலும் இடப்பக்கமே. சங்கையே காணாத உடம்புக்கு இந்தக் கோணல் எதற்கு? சுருள் வீட்டில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு நல்ல விடை இல்லை.

உடலமைப்பைப் பார்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிலர் இதைச் சந்தேகித்தார்கள். 1992இல் கன்னிங்ஹாம், பிளாக்ஸ்டோன், பஸ் என்ற மூவர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். ராஜ நண்டுகள் துறவி நண்டுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அல்லர், வலக்கைக் குடும்பமான பகூரிடேவுக்கு உள்ளேயே முளைத்த கிளை என்பது அவர்கள் முடிவு. பிரிந்த காலம் 1.3 கோடிக்கும் 2.5 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன் என்றும் கணித்தார்கள். எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. துறவி நண்டுகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பாட்ஸி மெக்லாஃப்லின், ராஃபேல் லெமைட்ருடன் சேர்ந்து எதிர்த்திசையில் வாதாடினார். கவசம் உள்ள உடல் மென்மையாவது எளிது, மென்மையாகிவிட்ட உடல் மறுபடி கவசம் பெறுவது எப்படி என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பிறகு இன்னும் பல மரபணுக்களை வைத்து வேறு வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளும் துறவியிலிருந்து ராஜாவுக்கு என்ற திசையையே காட்டின. அந்த மென்மையான வயிற்றில் தகடுகள் மறுபடி கெட்டிப்பட்டிருக்கின்றன.

இது ஒரே ஒரு முறை நடந்த விபத்து அல்ல என்பதற்குத் தென்னை நண்டு சான்று. இந்தியப் பெருங்கடல், பசிபிக் தீவுகளில் தரையில் வாழ்கிறது. நிக்கோபார்த் தீவுகளிலும் உண்டு, இந்திய வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. நான்கு கிலோ எடை, ஒரு மீட்டர் கால்விரிப்பு. தரையில் வாழும் ஓட்டுக்கணுக்காலிகளில் இதைவிடப் பெரியது இல்லை. மட்டையை உரித்துத் தேங்காயைத் திறக்க வல்லது. கடலில் மிதக்கும் குஞ்சுப் பருவம் முடிந்து கரையேறும்போது இதுவும் குட்டிச் சங்கு ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. வளர்ந்தபின் அதை விட்டுவிடுகிறது, வயிற்றின் மேல்புறம் கெட்டிப்படுகிறது. அதன் பெரிய கொடுக்கு எது? இடது. ராஜ நண்டு வலக்கை வழியிலிருந்து வெளியேறியது, தென்னை நண்டு இடக்கை வழியிலிருந்து வெளியேறியது. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொண்டதல்ல. நான்கு கிலோ உடம்பு நுழைய எந்தத் தீவிலும் சங்கு கிடையாது. சங்கை விட்டதால்தான் இரண்டுக்கும் அவ்வளவு பெரிதாக வளர முடிந்தது.

பாதி வழியில் நிற்பவர்களும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். போர்சலனோபகூரஸ் என்ற சின்னஞ்சிறு துறவி நண்டுக்கு உடல் அகன்று, வயிறு குறுகி, பாதி நண்டு உருவம் வந்துவிட்டது. நண்டுருவம் எடுக்கும் இந்தப் போக்குக்கு 1916இல் முதன்முதலாக ஓர் அறிவியல் பெயர் வைத்த ஆங்கிலேய விலங்கியலாளர் போரடெய்ல், அதைக் கண்டுகொண்டது இந்த நண்டை ஆராயும்போதுதான். முழுச் சங்குக்குள் புகுந்துகொள்ள அதற்கு இப்போது முடியாது. ஆனாலும் சிப்பியின் ஒற்றை மூடியையோ, கிண்ணம் போன்ற ஒரு சிறு ஓட்டையோ வயிற்றின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.